எட்டு மணிக்கு மேடையேறுகிறவர்கள்

லண்டனின் சின்ன அரங்குகளில் ஒரு ராத்திரிக்குப் பெரும்பாலும் மூன்று குழுக்கள் வாசிக்கும். டிக்கெட்டில் பெரிய எழுத்தில் இருப்பது மூன்றாவது குழுவின் பெயர். அவர்கள் மேடையேற ஒன்பதரை, ஒன்பதே முக்கால் ஆகிவிடும். அதனால் வேலை முடிந்து வந்து, பப்பில் உட்கார்ந்து, சாப்பிட்டுப் பேசிவிட்டு, ஒன்பது மணிக்கு மேல் அரங்குக்குள் நுழைவதுதான் இங்கே பலருக்கும் பழக்கம். நான் எட்டு மணிக்கு முதல் குழு வாசிக்கத் தொடங்கும்போதே உள்ளே இருப்பேன். இருநூறு பேர் நிற்கக்கூடிய அறையில் அப்போது இருபது முப்பது பேர் இருந்தாலே அதிகம். அதிலும் பாதிப் பேர் அந்தக் குழுவின் நண்பர்களாகவோ, அடுத்து வாசிக்கப்போகிறவர்களாகவோ இருப்பார்கள். இண்டி பாப் என்கிற இசையைக் கேட்க இதைவிட நல்ல நேரம் கிடையாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இந்த இசையோடு பழக்கமில்லாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எண்பதுகளில் பிரிட்டனில், பெரிய ரெக்கார்டு கம்பெனிகளின் தயவை எதிர்பார்க்காமல், நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து தாங்களே இசைத்தட்டு போட ஆரம்பித்தார்கள். பங்க் என்ற ராக் இசை காட்டிய வழிதான். ஆனால் பங்கில் இருந்த ஆவேசம் இவர்களிடம் குறைவு, மெட்டு அதிகம். கணகணவென்று ஒலிக்கும் கிடார், துள்ளி ஓடும் டிரம்ஸ், பயிற்சி எதுவும் இல்லாத ஒரு குரல், இரண்டரை நிமிடத்தில் முடிந்துவிடும் பாட்டு. 1986இல் என்எம்ஈ என்ற இசை வார இதழ் 22 குழுக்களின் பாட்டுகளைச் சேர்த்து 'சி86' என்று ஒரு கேசட் வெளியிட்டது. அந்தக் கேசட்டின் பெயரே பிற்பாடு ஒரு பாணிக்குப் பெயராகிவிட்டது. அடுத்த ஆண்டு பிரிஸ்டலில் கிளேர் வாட், மேட் ஹேன்ஸ் இருவரும் சேரா ரெக்கார்ட்ஸ் தொடங்கினார்கள். ஏழு அங்குல இசைத்தட்டுகள்தான் அவர்களுடைய அடையாளம். 1995இல் நூறாவது வெளியீடு வந்ததும், பிரிஸ்டல் துறைமுகத்தில் நிற்கும் தெக்லா என்ற பழைய சரக்குக் கப்பலில் ஒரு கொண்டாட்டம் வைத்து, அத்தோடு கம்பெனியை மூடிவிட்டார்கள். நொடித்துப் போய் மூடவில்லை. நூறு போதும் என்று முடிவெடுத்து மூடினார்கள். முப்பது வருடம் கழித்தும் அந்த இசைத்தட்டுகளைத் தேடி வாங்குகிறவர்களை நான் இந்த அரங்குகளில்தான் சந்திக்கிறேன்.

இந்தக் குரல்கள் இருபதாயிரம் பேர் உட்காரும் லண்டனின் ஓ2 அரங்குக்கானவை அல்ல. பாடுகிறவர் மூச்சு வாங்குவது, உச்ச ஸ்வரத்துக்குக் குரல் எட்டாமல் லேசாக உடைவது, அடுத்த வரிக்கு முன் பக்கத்தில் நிற்கும் பேஸ் கிடார்காரரைப் பார்த்து ஒரு கணம் சிரிப்பது, இவையெல்லாம் சேர்ந்ததுதான் பாட்டு. பத்தடி தூரத்தில் நின்றால்தான் அது முழுசாக நமக்குக் கிடைக்கும்.

முதல் குழுவின் மேல் எனக்கு இருக்கும் பிடிப்புக்கு அப்பாதான் காரணம். நான் திருவல்லிக்கேணியில் வளர்ந்தவள். மார்கழியில் அப்பா என்னை சபாவுக்கு அழைத்துப் போவது மதியக் கச்சேரிக்குத்தான். சாயங்காலம் பெரிய வித்வான்கள் பாடுவார்கள், டிக்கெட் வாங்க வேண்டும். மதியம் இளம் பாடகர்களுக்கான நேரம், இலவசமாக உள்ளே விட்டுவிடுவார்கள். காசு ஒரு காரணம்தான், ஆனால் அது மட்டும் இல்லை. பாதி நாற்காலிகள் காலியாக இருக்கும் அரங்கில் ஒரு பெண் உயிரைக் கொடுத்து கல்யாணி பாடிக்கொண்டிருப்பாள். முடித்ததும் அப்பா கையை உயர்த்திப் பலமாகத் தட்டுவார். "நாம தட்டலைன்னா வேற யாரு தட்டுவாங்க?" என்பார். நான் லண்டன் வந்து, கிழக்கு லண்டன் பக்கம் ஒரு ஆஸ்பத்திரி லேபில் ஷிப்ட் வேலை பார்க்க ஆரம்பித்த பிறகு, வேலையில்லாத ராத்திரிகளில் எங்கேயாவது பாட்டுக் கேட்கப் போவது பழக்கமாகிவிட்டது. அப்பா சொன்னது இங்கேயும் செல்லுபடியாகிறது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் லெக்சிங்டன். ஏஞ்சல் ஸ்டேஷனில் இறங்கினால், லண்டன் சுரங்க ரயிலிலேயே மிக நீளமான நகரும் படிக்கட்டில் ஏறி வெளியே வரலாம். அங்கிருந்து பென்டன்வில் சாலையில் கிங்ஸ் கிராஸ் பக்கமாகக் கொஞ்ச தூரம் நடந்தால் முனையில் ஒரு பப். கீழே அமெரிக்க விஸ்கி பாட்டில்கள் வரிசையாக அடுக்கியிருப்பார்கள். மாடியில்தான் அரங்கு. இருநூறு பேர் நிற்கலாம். உட்கார இடம் தேடக் கூடாது. வாசலில் கையில் ஒரு முத்திரை குத்துவார்கள், அவ்வளவுதான்.

போன நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை என் அண்ணன் மகனையும் கூட்டிக்கொண்டு போனேன். கோயம்புத்தூரிலிருந்து எம்எஸ்சி படிக்க வந்திருக்கிறான், மெக்கானிக்கல் படித்தவன். கிடாரும் கொஞ்சம் வாசிப்பான். நாங்கள் மாடி ஏறியபோது மேடையில் மூன்று பேர் ஒயர்களோடு போராடிக்கொண்டிருந்தார்கள்.

"அத்தை, இவங்க பாடுறவங்களா, இல்ல மைக் செட்காரங்களா?"

"பாடுறவங்கதான்டா. இவங்க லீட்ஸ்லேர்ந்து வந்திருக்காங்க."

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. முதல் குழுவுக்கு எடுபிடி ஆட்கள் யாரும் கிடையாது. சவுண்ட் செக் நடப்பதும் தலைகீழ் வரிசையில். கடைசியில் வாசிக்கும் பெரிய குழு மதியமே வந்து முதலில் பார்த்துக்கொள்ளும். அதற்கப்புறம் இரண்டாவது குழு. எல்லாம் முடிந்து கதவு திறக்கப் பத்து நிமிடம் இருக்கும்போதுதான் இவர்களுக்கு வாய்ப்பு வரும். சில நாள் அதுவும் கிடைக்காது. டிரம்ஸும் இவர்களுடையது இல்லை. பெரிய குழு கொண்டுவந்த செட்டிலேயே மூன்று குழுவும் வாசிக்கும். ஆனால் அடி தாங்கித் தேய்கிற பாகங்களை, அதாவது ஸ்நேர் டிரம், சிம்பல் தட்டுகள், கால் பெடல் இவற்றை, ஒவ்வொரு டிரம்மரும் தானே கொண்டுவர வேண்டும். 'பிரேக்கபிள்ஸ்' என்று அவர்களுக்குள் இதற்குப் பெயர். அந்தப் பெண் தன் ஸ்நேரை ஒரு சிவப்புப் போர்வையில் சுற்றி, சூப்பர் மார்க்கெட் பையில் போட்டு ரயிலில் கொண்டுவந்திருந்தாள்.

மூன்றாவதோ நாலாவதோ பாட்டு. மெதுவான பாட்டு. வாடகை வீட்டைக் காலி செய்கிற நாளில், படம் மாட்டியிருந்த ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, ஓட்டைகளில் பற்பசை அடைப்பது பற்றி. முன்பணம் திரும்பக் கிடைக்க வேண்டுமே என்பதற்காக. பாடகி கிடாரை மெல்ல மீட்டிக்கொண்டு பாட, பேஸ் கிடார் மட்டும் கூடவே போனது. டிரம்மர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்போது எங்கிருந்தோ 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு இரைச்சல். பேஸ் ஒரு குறிப்பிட்ட ஸ்வரத்துக்கு வரும்போதெல்லாம் அந்த இரைச்சலும் வந்தது. ஸ்நேர் டிரம்மின் அடித்தோலோடு ஒட்டி ஒரு கொத்துச் சுருள் கம்பிகள் இருக்கும். பேஸ் ஒலியின் அதிர்வில் யாரும் தொடாமலே அவை அதிர்ந்துகொண்டிருந்தன. டிரம்மர் குனிந்து, பக்கவாட்டில் இருந்த சின்ன நெம்புகோலை விரலால் கீழே தள்ளினாள். கம்பிகள் தோலிலிருந்து விலகின. இரைச்சல் நின்றது. பாடகி அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் அடுத்த வரியை முன்னைவிட இன்னும் மெதுவாகப் பாடினாள். இப்போது அவ்வளவு மெதுவாகப் பாட முடியும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"ரெசொனன்ஸ், அத்தை" என்று அண்ணன் மகன் என் காதில் சொன்னான். செமஸ்டர் செமஸ்டராகப் படித்தது கண்ணெதிரே நடந்ததில் அவனுக்கு அவ்வளவு சந்தோஷம். எனக்கு அந்த விரல் அசைவுதான் இன்னும் மனசில் நிற்கிறது. மூன்று பேர் ஒருவரையொருவர் எவ்வளவு கவனமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதை அது காட்டியது.

அவர்கள் வாசித்து முடித்ததும் அதே பாடகி, வியர்வையைத் துடைத்துக்கொண்டே ஓரத்து மேஜைக்கு வந்து நின்றாள். மேஜையில் கேசட், துணிப்பை, சட்டையில் குத்துகிற பேட்ஜ். அண்ணன் மகனிடம் கேசட் பிளேயர் இல்லை, ஆனாலும் ஒரு கேசட் வாங்கினான். உள்ளே டவுன்லோடு செய்ய ஒரு குறியீடு எழுதிய சீட்டு இருந்தது. அந்த ஆணிப் பாட்டுக்குக் கிடாரை எப்படி ட்யூன் செய்திருக்கிறீர்கள் என்று கேட்டான். அவள் தன் இடது கையைக் காற்றில் வைத்து விரல்களை எங்கே அழுத்துகிறேன் என்று காட்ட, இவனும் தன் கையைத் தூக்கி அதேபோல் மடக்கிப் பார்த்தான். ஐந்து நிமிடம் போயிருக்கும். அதற்குள் இரண்டாவது குழு ஆரம்பித்துவிட்டது. அவர்களும் நன்றாகத்தான் வாசித்தார்கள்.

இதற்குப் பின்னால் இருக்கிற கணக்கையும் சொல்ல வேண்டும். டிக்கெட் 12 பவுண்ட் என்று வைத்துக்கொள்வோம். இருநூறும் விற்றால் 2,400 பவுண்ட். வாட் வரி கட்டுகிற ஏற்பாட்டாளராக இருந்தால் அதில் 400 அரசுக்குப் போய்விடும். மீதி 2,000இல் பாட்டு எழுதியவர்களுக்கான உரிமைத்தொகை நூற்றுக்கு நாலு பவுண்டுக்குச் சற்று மேல். அப்புறம் அரங்கு வாடகை, சவுண்ட் இன்ஜினியர் சம்பளம், வாசலில் நிற்பவருக்குச் சம்பளம், விளம்பரம், பெரிய குழுவின் தொகை. முதல் குழுவின் கைக்கு 50 பவுண்ட் வந்தால் அதுவே வழக்கமான தொகைதான். லீட்ஸிலிருந்து மூன்று பேர் வந்து போகும் ரயில் டிக்கெட்டுக்கு அது எந்த மூலைக்கு? இதுவும் எல்லா டிக்கெட்டும் விற்ற ராத்திரியின் கணக்கு. செவ்வாய்க்கிழமைகளில் பெரும்பாலும் பாதிதான் விற்கும். அந்த ஓரத்து மேஜைக்கு நான் கொடுக்கும் மரியாதை இதனால்தான். ஒரு கேசட்டின் காசு நேரே அவர்கள் கைக்குப் போகிறது.

இந்தக் கணக்கெல்லாம் நன்றாகத் தெரிந்தும் இதையே செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அமீலியா ஃபிளெட்சரை நான் எப்போதும் நினைத்துக்கொள்வேன். ஆக்ஸ்ஃபோர்டில் பொருளாதாரத்தில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றவர்; பிரிட்டனின் நியாய வணிக அலுவலகத்தில் தலைமைப் பொருளாதார நிபுணராக இருந்தவர்; சந்தைப் போட்டிக் கொள்கை பற்றிப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். 2014இல் ஓபிஈ என்ற பிரிட்டிஷ் அரச விருதும் வாங்கினார். அதே அமீலியாதான் எண்பதுகளில் டலூலா காஷ் குழுவிலும், பிறகு சேரா ரெக்கார்ட்ஸில் ஹெவன்லி குழுவிலும் பாடியவர். அவருடைய தம்பி மேத்யூ ஹெவன்லியின் டிரம்மர். 1996இல் மேத்யூ இறந்ததும் குழு அந்தப் பெயரில் வாசிப்பதை நிறுத்திவிட்டது. 2023 மே மாதம், அத்தனை வருடம் கழித்து, ஷெப்பர்ட்ஸ் புஷ்ஷில் இருக்கும் புஷ் ஹாலில் ஹெவன்லி மறுபடி மேடையேறியது. 1904இல் நடனக் கூடமாகக் கட்டிய இடம், கூரையிலும் சுவரிலும் சுண்ணாம்புச் சாந்துப் பூவேலை நிறைந்திருக்கும். என் பக்கத்தில் நின்றவர்களில் பாதிப் பேர் தலை நரைத்தவர்கள். மீதிப் பேர் அந்தக் குழு கலைந்த பிறகு பிறந்த பெண்கள், எல்லாப் பாட்டும் அவர்களுக்கு மனப்பாடம். சந்தை எப்படி இயங்குகிறது என்று ஆயுள் முழுக்கப் படித்த ஒருவர், தன் பாடல்களுக்கு உரிய அளவு இதுதான் என்று சில நூறு பேருக்கு முன் நின்று பாடுவதைப் பார்த்தபோது எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

முதல் குழு என்றதும் சிலர், பிற்பாடு பெரும் புகழ் பெற்ற ஒயாசிஸ் குழுவின் கதையைச் சொல்வார்கள். 1993 மே 31, கிளாஸ்கோவில் கிங் டட்ஸ் என்ற முந்நூறு பேர் அரங்கு. கிரியேஷன் ரெக்கார்ட்ஸ் என்ற ரெக்கார்டு கம்பெனியின் ஆலன் மகீ சீக்கிரமாகவே வந்துவிட்டார். முதலில் வாசித்த, யாருக்கும் தெரியாத மான்செஸ்டர் பையன்களைக் கேட்டார். அன்றைக்கே ஒப்பந்தம் பேசினார். நடந்த கதைதான். ஆனால் நாளைய நட்சத்திரத்தை முன்கூட்டியே பார்த்துவிட்டோம் என்ற பெருமைக்காகப் போகிறவள் இல்லை நான். எட்டு மணிக்கு மேடையேறும் குழுக்களில் பெரும்பாலானவை இரண்டு மூன்று வருடத்தில் கலைந்துவிடும். ஒருவருக்குக் குழந்தை பிறக்கும், ஒருவர் ஊர் மாறிப் போவார். அந்த ஆணிப் பாட்டு இனி எங்குமே பாடப்படாமல் போகலாம். அதனால் அன்றைக்கு அது கொஞ்சமும் குறைந்துபோகவில்லை.

எனக்குப் பொறுக்க முடியாதது பாட்டு நடக்கும்போது பின்னால் நின்று சத்தமாகப் பேசுவது. முதல் குழுவுக்குத்தான் இது அதிகம் நடக்கும். கில்பர்னில் லூமினேர் என்று ஒரு அரங்கு இருந்தது. உன் நண்பனிடம் நீ பேசுவதைக் கேட்க யாரும் காசு கொடுத்து வரவில்லை, பேச வேண்டுமென்றால் வெளியே போ என்கிற மாதிரி சுவரிலேயே எழுதி வைத்திருந்தார்கள். எவ்வளவு நல்ல காரியம்! இன்றைக்கு ஒவ்வொரு அரங்கிலும் அப்படி எழுதி வைக்கலாம். லூமினேர் 2011இல் மூடிவிட்டது. ஹைபரியில் பஃபலோ பார் 2014 கடைசி நாளோடு போயிற்று. டென்மார்க் தெருவின் 12 பார் கிளப் அதற்கு அடுத்த மாதமே.

இது லண்டனோடு நிற்கவில்லை. மியூசிக் வென்யூ டிரஸ்ட் என்ற அமைப்பு 2014 முதல் இந்தச் சின்ன அரங்குகளுக்காகப் போராடி வருகிறது. 2023ஆம் ஆண்டில் மட்டும் பிரிட்டனில் 125 இடங்களில் நேரடி இசை நின்றுபோனது என்று அவர்களுடைய கணக்கு. அந்த ஆண்டு இத்தகைய அரங்குகளின் சராசரி லாபம் நூற்றுக்கு அரை பவுண்ட். வாடகை, மின்சாரம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அரங்குக்குப் பக்கத்தில் புதிதாக அடுக்குமாடி வரும். குடி வந்தவர்கள் சத்தம் என்று புகார் கொடுப்பார்கள். முப்பது வருடமாக இருந்த அரங்கு குற்றவாளியாகிவிடும். இதற்காகத்தான் 2018இல் இங்கிலாந்தின் திட்ட விதிகளில் 'ஏஜென்ட் ஆஃப் சேஞ்ச்' என்ற நெறி சேர்ந்தது: புதிதாகக் கட்டுகிறவர்தான் ஒலித்தடுப்புக்குப் பொறுப்பு. பெரிய அரங்குகளின், ஸ்டேடியங்களின் டிக்கெட்டில் ஒரு சிறு தொகையைச் சின்ன அரங்குகளுக்கு ஒதுக்க வேண்டும் என்று 2024 மே மாதம் நாடாளுமன்றக் குழுவே பரிந்துரைத்தது. கோல்ட்பிளே 2025இல் லண்டன், ஹல் கச்சேரிகளின் தங்கள் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கை மியூசிக் வென்யூ டிரஸ்டுக்குக் கொடுத்தது. எல்லாப் பெரிய குழுக்களும் கொடுக்க வேண்டும் என்பேன். அவர்களில் எட்டு மணிக்கு ஏறி வாசிக்காதவர்கள் யார் இருக்கிறார்கள்?

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். இந்த அரங்குகளில் பல மாடியிலோ நிலவறையிலோ இருக்கின்றன; லிப்ட் இருப்பது அபூர்வம். சக்கர நாற்காலியில் வரும் என் தோழி ஒருத்தியை நான் நினைத்த இடத்துக்கெல்லாம் கூட்டிப்போக முடியவில்லை. லாபமே இல்லாத இடத்தில் லிப்டுக்கு எங்கே போவார்கள் என்பது புரிகிறது. இருந்தாலும் அவளுக்கு இந்த இசை கிடைக்காமல் போவதை என்னால் சரி என்று ஏற்றுக்கொள்ள முடியாது. உதவித்தொகை என்று ஒன்று வந்தால் முதலில் இதற்குத்தான் போக வேண்டும்.

லண்டனில் இருப்பவர்கள், படிக்க வந்திருக்கும் பிள்ளைகள், ஒரு தடவை போய்ப் பாருங்கள். லெக்சிங்டனில் தொடங்கலாம். இல்லையென்றால் பிரிக்ஸ்டனில் விண்ட்மில். 1816இல் கட்டிய நிஜமான காற்றாலைக்குப் பக்கத்தில் இருக்கும் பப் அது, 150 பேர் கொள்ளும். பிளாக் மிடி போன்ற குழுக்கள் பேர் வாங்குவதற்கு முன் திரும்பத் திரும்ப வாசித்துப் பழகிய மேடை. குழுவின் பெயர் தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம். காதில் வைக்க ஸ்பாஞ்ச் அடைப்பான் கொண்டுபோங்கள். சின்ன அறையில் டிரம்ஸ் சத்தம் காதைப் பதம் பார்த்துவிடும். கனமான கோட்டு வேண்டாம், வைக்க இடம் இருக்காது. உள்ளே போனதும் யார் எத்தனை மணிக்கு என்று சுவரில் ஒட்டியிருக்கும் தாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். கையில் கொஞ்சம் நோட்டாகப் பணம் இருக்கட்டும், மேஜையில் இருக்கும் கார்டு மெஷின் சிக்னல் இல்லாமல் அடிக்கடி மக்கர் பண்ணும். முதல் குழுவின் பாட்டு பிடித்திருந்தால் எட்டரை மணிக்கே போய் வாங்கிவிடுங்கள். வெளியூரிலிருந்து வந்தவர்கள் கடைசி ரயிலைப் பிடிக்கக் கிளம்பிவிடுவார்கள், பெரிய குழு முடிக்கும்போது அந்த மேஜையில் இருக்க மாட்டார்கள்.